குடமும் அடுப்பும்: அடீனியம் எப்படி இயங்குகிறது?

அடீனியம் கச்சானில் சாவதில்லை, மாரியில்தான் சாகிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அனல் வீசி வேலியோரப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது, வாசற்படியருகே சாடியில் நிற்கும் இந்தக் குள்ளச் செடி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. கார்த்திகையில் மழை பிடித்து, மார்கழியில் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிப் போனபின் ஒருநாள் காலையில் அது சாய்ந்து கிடக்கிறது. தூக்கிப் பார்த்தால் பருத்த அடிப்பாகம் உள்ளே கூழாகியிருக்கிறது. வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு, கல்முனை என்று அம்பாறைக் கரையின் இந்தப் பக்கத்தில் அடீனியம் வளர்ப்பவர்களுக்கு இது பழகிப்போன இழப்பு. "கண்டு மழையில அழுகிட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்குகிறார்கள்.

மழையை மட்டும் குறைசொல்லி முடித்துவிட முடியாது. அடீனியத்தின் சொந்த நிலத்திலும் மழை பெய்கிறது. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே கிழக்கு மேற்காக நீளும் சாஹேல் வெளியிலும், கென்யா, சோமாலியா பக்கத்திலும், செங்கடலைத் தாண்டி யேமனிலும் ஓமானிலும் இது காட்டுச் செடி. டென்மார்க் மன்னர் 1761இல் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இருந்த தாவரவியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கல் யேமனில் இதைக் கண்டு எழுதி வைத்தார். 1763இல் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை, குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே மனிதரான கார்ஸ்டன் நீபூர் 1775இல் அச்சேற்றினார். அந்த நூலில் இச்செடியை அலரி இனத்தில்தான் ஃபோர்ஸ்கல் சேர்த்திருந்தார். அடீனியம் என்று தனிப் பேரினமாகப் பிரித்தது 1819இல்.

அங்கே மழையில் தழைக்கும் செடி இங்கே மழையில் ஏன் அழுகுகிறது? இதற்கு விடை காண, செடியை ஒரு குசினியாக நினைத்துக்கொள்ளலாம். ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குடம், ஓர் அரிசிப் பெட்டி, கிணற்றுக்குப் போய் அள்ளி வர ஓர் ஆள். இந்த நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது பிடிபட்டால், எப்போது தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு வேறெவரையும் கேட்க வேண்டியதில்லை.

இலைதான் அடுப்பு. நெருப்பு சூரியனுடையது. காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டை இலைவாய் வழியாக உள்ளெடுத்து, வேர் அனுப்பிய தண்ணீரைச் சேர்த்து, வெளிச்சத்தில் சீனி சமைக்கிறது. அன்றன்றைக்குத் தின்றது போக மிஞ்சிய சீனி, பட்டைக்கு உள்ளே இருக்கும் உரியம் என்ற இழையத்தின் வழியே கீழே இறங்குகிறது. அடிப்பாகத்தில் மாப்பொருளாக மாறி அடங்குகிறது. அதுதான் அரிசிப் பெட்டி. அதே அடிப்பாகத்தில் தண்ணீரும் சேர்கிறது. அதனால் குடமும் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அந்த அடிப்பாகத்தைச் செடி வளர்ப்போர் கோடெக்ஸ் என்கிறார்கள். நம் வீடுகளில் கிழங்கு என்றே சொல்லிவிடுகிறோம். வள்ளிக்கிழங்கு போல மண்ணுக்குள் மறைந்திருப்பதல்ல இது. தண்டின் அடியும் ஆணிவேரின் தலையும் சேர்ந்து பருத்து, பாதி மண்ணுக்கு மேலே திரண்டு நிற்கிறது. உள்ளே மரத்தின் வைரம் கிடையாது. மெல்லிய சுவருள்ள கலங்கள், ஈரம் நிறைந்து, அடுக்கடுக்காக.

அள்ளி வரும் ஆள் வேர். இங்கேதான் நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். மண்ணில் தண்ணீர் இருந்தால் வேர் உறிஞ்சித் தள்ளும் என்று நினைக்கிறோம். உண்மையில், பகல் வேளையில் தண்ணீரை மேலே ஏற்றுவது பெரும்பாலும் இலைதான். இலைவாய்கள் திறந்திருக்கையில் அவற்றின் வழியே நீர் ஆவியாகிறது. ஆவியான இடத்தை நிரப்பத் தண்டிலுள்ள காழ் என்ற இழையத்தின் வழியே நீர் இழுபடுகிறது. அந்த இழுவை வேர் நுனிவரை போகிறது. பெரும்பாலான செடிகளில் வேர் எடுக்கும் தண்ணீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகித்தான் போகிறது. அடுப்பில் பானை கொதித்து வற்றினால்தான் ஆள் கிணற்றுக்குப் போவார். அடுப்பு அணைந்திருந்தால், கிணறு வாசல்வரை நிரம்பி வழிந்தாலும் அதிகம் உள்ளே வராது.

இப்போது மண் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன. அதாவது செடி தீயைக் குறைக்கிறது. அடுத்து குடத்திலிருந்து எடுத்துச் சமைக்கிறது. கிழங்கைத் தொட்டால் இறுக்கம் தளர்ந்திருக்கும். இன்னும் காய்ந்தால் இலைகள் மஞ்சளாகிக் கொட்டிவிடும். செடி செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். அடுப்பை அணைத்துவிட்டு, பெட்டியில் இருப்பதைச் சிறுகச் சிறுக உண்டு உயிரோடு இருக்கிறது அது. சாம்பல் நிறத் தண்டில் நகத்தால் ஓரிடத்தில் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். கடதாசி போன்ற மேல்தோலுக்குக் கீழே பசுமை பளிச்சென்று தெரியும். இலை போனபின்னும் அந்தப் பச்சைப் பட்டை கொஞ்சம் சமைக்கிறது.

குசினிக் கணக்கு ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். குடத்தில் இருக்கும் தண்ணீருக்கு மூச்சு வேண்டியதில்லை. கிழங்கில் இருக்கும் தண்ணீர் உயிருள்ள கலங்களுக்குள் இருக்கிறது. அந்தக் கலங்களும் வேரின் கலங்களும் இரவு பகலாகச் சுவாசிக்கின்றன. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கும்வரை ஒட்சிசன் கிடைக்கும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நிரம்பி நின்றால், நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. வேர் நுனிகள் மூச்சு முட்டிச் சாகின்றன. செத்த நுனி வழியாகப் பங்கசும் பக்டீரியாவும் நுழைகின்றன. உள்ளே மாப்பொருளும் ஈரமும் நிறைந்து கிடக்கிறது. அவற்றுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. சில நாட்களில் கிழங்கு முழுவதும் போய்விடும்.

இனி நம் நாட்காட்டிக்கு வருவோம்.

சாஹேலில் மழை ஆனி முதல் புரட்டாசி வரை. அதுவே வெயிலும் வெப்பமும் உள்ள காலம். அடுப்பு கொழுந்துவிட்டு எரியும்போது கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது. மழை நின்று குளிர்ந்த காலம் வரும்போது மண் காய்ந்திருக்கும். செடி இலையைக் கொட்டி ஓய்வெடுக்கும். அடுப்பும் கிணறும் ஒன்றாக நிறைந்து ஒன்றாக வற்றும் வாழ்க்கை அது.

அம்பாறைக் கரையில் இது தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு இலங்கையில் கொட்ட வேண்டியதைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி இறங்கி, ஈரம் வற்றிய சுடுகாற்றாக நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். இதே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓமானின் தோபார் மலைகளில் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். அங்கே அதைக் கரீஃப் என்கிறார்கள். சலாலாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தோபார் மலைச்சரிவும் அடீனியத்தின் தாய்மண்தான். அங்கே நனைக்கும் பருவம் இங்கே காய வைக்கிறது.

நமக்கு மழை வாடைக்காற்றோடு வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ஆண்டு முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. அப்போது குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில்கூட 22, 23 பாகை இருக்கும். 10 பாகைக்குக் கீழே போனால்தான் அடீனியத்துக்கு உண்மையான குளிர் ஆபத்து. அந்தக் கவலை நுவரெலியாக்காரர்களுக்கு. பகலின் நீளமும் நம் அகலாங்கில் அதிகம் குறைவதில்லை. குறைவது வெளிச்சம். நாட்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து ஆவியாவதும் குறைகிறது. அடுப்பு மங்கிவிட்டது, பானை வற்றவில்லை, ஆள் கிணற்றுக்குப் போகவில்லை. ஆனால் சாடி மண்ணில் தண்ணீர் நிற்கிறது, இன்றும் நாளையும் நாளை மறுநாளும். அழுகலின் முழுக்கதையும் இதுதான்.

நம் பற்றைக்காடுகளில் வளரும் கார்த்திகைப்பூவுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கும் கிழங்கு உண்டு. அது நம் மாரியோடு முளைத்து, மாரியோடு பூத்து, கோடையில் மேலே ஒன்றுமில்லாமல் மண்ணுக்குள் ஒதுங்கிக்கொள்ளும் செடி. நம் பருவத்தைத் தெரிந்துகொண்டு பிறந்தது. அடீனியத்துக்கு நம் பருவம் தெரியாது. அதனால் நாம்தான் அதற்காகப் பருவத்தைத் திருப்பி வைக்க வேண்டும்.

சம்மாந்துறையில் எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர், ஆடி மாதத்தில் இலையெல்லாம் கொட்டி நின்ற தன் செடியைக் காட்டி, "பாலைவனக் கண்டுதானே தம்பி, கச்சானுக்குத் தண்ணி ஊத்தினாச் செத்துரும் எண்டு சொன்னாங்க" என்றார்.

"இல்ல ராத்தா, இப்பதான் அதுக்குத் தண்ணி வேணும். மாரிக்குத்தான் ஊத்தப்படாது."

"மாரிக்கு ஆரு ஊத்துற? மழைதானே ஊத்துது."

அவர் சொன்னதில்தான் விடயமே இருக்கிறது. மாரியில் நாம் ஊற்றாமல் இருப்பது போதாது, மழையையும் ஊற்ற விடக்கூடாது. ஐப்பசிக் கடைசியில் சாடியைத் தூக்கி, சாரல் படாத தாழ்வாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிச்சம் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு கிடைக்கும் பக்கமாக இருக்கட்டும். கிழங்கு தளர்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். இலை கொட்டினால் கொட்டட்டும். கச்சான் காலத்தில் நேர்மாறு: முழு வெயில், மேல்மண் காய்ந்ததும் அடி ஓட்டையால் வடியும்வரை தண்ணீர், பிறகு மறுபடி காய விடுதல். சிறிய சாடியென்றால் கடும் கச்சானில் இரண்டு நாளுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம். நாள் எண்ணி ஊற்றுவதைவிட மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுவதே சரி.

விரலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கிழங்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது. நலமான கிழங்கு இறுகிய மாங்காயளவு கெட்டியாக இருக்கும். தாகம் என்றால் சுற்றிலும் ஒரேயளவாகத் தளர்ந்து, தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கும். மண்ணும் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் பழையபடி இறுகிவிடும். அழுகல் என்றால் ஓரிடத்தில் மட்டும், பெரும்பாலும் மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரல் உள்ளே போகும். அந்த இடம் கபில நிறமாகி, மண் ஈரமாக, வாடையும் அடிக்கும். இரண்டிலும் இலை மஞ்சளாகும் என்பதால்தான் மக்கள் குழம்புகிறார்கள். அழுகும் செடிக்குத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றிவிடுகிறார்கள். இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிழங்கைத் தொட்டு எடுங்கள்.

அழுகலை ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் காப்பாற்றலாம். செடியை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவி, கூரான சுத்தமான கத்தியால் கபிலப் பகுதியை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, வெள்ளைச் சதை வரும்வரை. கபிலத் துளி ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் அங்கிருந்து மீண்டும் தொடங்கும். வெட்டிய இடத்தில் பங்கசு நாசினித் தூள் பூசி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரத்துக்கு மேல் வெறுமனே வைத்திருந்து, காயம் நன்றாகக் காய்ந்தபின் உலர்ந்த கலவையில் நடலாம். மண்ணில்லாமல் அத்தனை நாள் எப்படி இருக்கும் என்று பயப்பட வேண்டாம், குடமும் பெட்டியும் கூடவே இருக்கின்றன.

குசினியில் புழங்கும் கத்தியை இதற்கு எடுக்காதீர்கள். அடீனியம் அலரியின் உறவு. அலரிக்கும் மஞ்சளலரிக்கும் உள்ளதைப் போன்ற, இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இதன் சாற்றிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தோய்த்து வேட்டையாடியிருக்கிறார்கள். வெட்டியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய துண்டுகளை ஆடு மேயும் இடத்தில் போடாதீர்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் சாடி திண்ணை உயரத்தில் இருக்கட்டும்.

சாடிக் கலவையைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் நெல் விளையும் இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு பேறு உண்டு. சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை, உமிக்கும் குறைவில்லை. உமியைப் பச்சையாகப் போட்டால் அது மக்கும்போது மண்ணின் நைதரசனைத் தின்றுவிடும். கரியாக்கிப் போட்டால் எளிதில் மக்காது. இலேசாக இருக்கும், துளைகளில் காற்றையும் கொஞ்சம் ஈரத்தையும் பிடித்து வைக்கும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிய விட்டால் காரம் கூடிவிடும். கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். இந்த உமிக்கரி இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய எருவோ தும்புத்தூளோ ஒரு பங்கு. இது நம் காற்றுக்கும் மழைக்கும் ஒத்துவருகிறது. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும், மாவு மணலைச் சலித்து ஒதுக்கிவிடுங்கள். கடற்கரை மணலை அள்ளி வந்து போடுவோரும் உண்டு. அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், தவிர்ப்பதே நல்லது. கல்முனைக் கரையோரக் கிணறுகள் சிலவற்றில் கோடை முற்றும்போது தண்ணீரே சற்றுக் கரிக்கும். அதை ஊற்றி ஊற்றி மண்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், நல்ல தண்ணீரை நிறைய விட்டு ஒருமுறை உப்பை வடித்துவிட வேண்டும்.

சாடியின் அடியில் கல்லோ ஓட்டுத் துண்டோ போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் நம்புகிறோம். அது உதவுவதில்லை. எந்தச் சாடியிலும், ஊற்றிய தண்ணீர் வடிந்து முடிந்தபின் கலவையின் கடைசி ஓரிரண்டு அங்குலம் நனைந்தே நிற்கும். நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்து வைப்பதால் அது கீழே விழாது. கல் போட்டால் அந்த ஈரப் பட்டை கல்லுக்கு மேலே வந்து உட்காரும், அதாவது வேருக்கு இன்னும் கிட்டவாக. கலவையைப் பருமனாக்கினால்தான் அந்தப் பட்டை மெலியும். இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். தட்டையான அழகுச் சாடியில் நனைந்த பட்டையே பாதி உயரத்தைப் பிடித்துவிடும். காட்சிக்கு அது எடுப்பாக இருக்கும். நம் மாரிக்கு ஆழச் சாடிதான் பாதுகாப்பு.

பூவுக்கு வருவோம். மிச்சம் உள்ள வீட்டில்தான் விருந்து வைப்பார்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத அடீனியம் இலையோடு நின்றுவிடும். யூரியாவை அள்ளிப் போட்டாலும் அப்படித்தான், கொழுகொழுவென்று இலை வரும், பூ வராது. பூ கிளை நுனியில் வருவதால் கிளை கூடினால் பூ கூடும். கிளைகளைக் கவ்வாத்து செய்ய நம் கரைக்கு ஏற்ற நேரம் தைப்பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து, வெயில் திரும்பும் மாசி. வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர் கிளம்பும், சித்திரை வருவதற்குள் மொட்டு வைக்கத் தொடங்கும். மழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியாகவே அழுகல் இறங்கும்.

ஒரு காலையில் திடீரென்று கிளைகள் மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் தண்ணீரைக் குறைசொல்ல வேண்டாம், மிஞ்சிய இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று, தலைக்குப் பின்னால் நீலக் கண் இரண்டு வரைந்ததுபோல, அசையாமல் இருக்கும். அலரிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. நஞ்சுள்ள இந்த இலை அதற்கு வழக்கமான உணவு. கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும், மருந்து தேவையில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொம்பை வெட்டி ஊன்றி வளர்த்த செடி பூக்கும், ஆனால் விதையில் முளைத்ததைப்போல அடி திரளாது. தாய்லாந்திலும் தைவானிலும் உருவாக்கிய அடுக்குப் பூ வகைகளை, விதையில் முளைத்த கிழங்கின் மேல் ஒட்டுக் கட்டித்தான் விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், அது வேறு பூ.

விதை வேண்டுமானால் நாமே முயலலாம். இங்கே தானாகக் காய் பிடிப்பது அரிது. ஒரே செடியின் மகரந்தம் பெரும்பாலும் பலிக்காது, வெவ்வேறு விதையில் முளைத்த இரண்டு செடிகள் வேண்டும். பூவின் குழாயை ஒரு பக்கம் கீறி விரித்தால், அடியில் மகரந்தப்பைகள் ஐந்தும் கூடி ஒரு கூம்பாக மூடியிருப்பது தெரியும். அவற்றின் நுனியிலிருந்து மயிரிழைகள் நீண்டு வெளியே தெரியும். மகரந்தம் அந்தக் கூம்புக்குள் இருக்கிறது. மெல்லிய தூரிகையின் ஓரிரு மயிரால் அதை எடுத்து, மற்றச் செடியின் பூவில் கூம்பின் இடுக்கு வழியாக உள்ளே, சூலகமுடியின் கீழ்ப்பக்கத்தில் படும்படி விட வேண்டும். பலித்தால் இரண்டு கொம்பாகக் காய் வளரும். முற்றி வெடித்தால் விதைகள் காற்றில் போய்விடும், ஒவ்வொரு விதைக்கும் இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் உண்டு. கச்சானில் வெடித்தால் ஒன்றும் மிஞ்சாது. காய் பருக்கத் தொடங்கும்போதே வலைத்துணி சுற்றி நூலால் கட்டிவிட வேண்டும்.

விதையைப் படுக்க வைத்து, மேலே மெல்லியதாகக் கலவை தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், விதை புதிதாக இருக்க வேண்டும். முளைத்த சில வாரங்களிலேயே அடி திரளத் தொடங்கிவிடும். கையில் விதை இருக்கிறதே என்று புரட்டாசியில் போட்டுவிடாதீர்கள். சித்திரையிலோ வைகாசியிலோ போட்டால், முதல் மாரி வருமுன் ஐந்தாறு மாத வெயில் கிடைக்கும், அதற்குள் அது தன் குடத்தையும் பெட்டியையும் நிரப்பிக்கொள்ளும். அந்த முதல் மாரி முழுக்கக் கண்டைக் கூரைக்குக் கீழேயே வைத்திருங்கள்.